திரையில் இரண்டு கால், சத்தத்தில் நாலு

பிலடெல்பியா
1937 மார்ச் 8

தம்பி கிளியோஃபஸுக்கு,

நான் நலம். என் கை இரண்டும் நலம், டிரம்மும் நலம். உன் நலத்தை விசாரிக்காமல் கடிதத்தைத் தொடங்கினால் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்து என் காதைத் திருகுவாள். அதனால் கேட்கிறேன், நலமா? கேட்டாயிற்று.

இரண்டு வருஷமாக நான் உனக்கு எழுதவில்லை. எழுதும்படி நீ நடந்துகொள்ளவும் இல்லை. பிட்ஸ்பர்கில் பகல் காட்சி முடிந்து மாலைக் காட்சி தொடங்குவதற்குள், சாண்ட்விச் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஹாலிவுட்டுக்கு ரயில் ஏறியவன் நீ. அன்று சாயங்காலமே என் டிரம்மை வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நான் அதன் மேலேயே உட்கார்ந்து சாண்ட்விச்சுக்காகக் காத்திருந்தேன்.

இப்போது எழுதுவது பாசத்தால் இல்லை, வேலையாக. நான் இருந்த பெண்கள் பேண்டு ஜனவரியில் கலைந்துவிட்டது. பகலில் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறேன். போன வாரம் மார்ட்டன் தியேட்டர் மேனேஜர் பிங்கெட்டைப் போய்ப் பார்த்தேன். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

"ஆர்டீலியா, பொம்பளை தனியா டிரம் அடிக்கிறதை எவனும் டிக்கெட் வாங்கிப் பாக்க மாட்டான். உன் தம்பி ஆட, நீ அடிச்சா அது வேற கதை. அவனைக் கூட்டிட்டு வா, அக்டோபர்ல ஒரு வாரம் தர்றேன். நல்லாப் போச்சுன்னா எங்க பேண்டுல உனக்கு நிரந்தரமா எடம். அவன் வரலைன்னா கோரஸ்ல நின்னு பாடு. குரல்தான் இருக்கே?"

"இருக்கு, உங்களைத் திட்டறதுக்கு வச்சிருக்கேன்" என்றேன். சிரித்தார். ஆனால் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

அவருக்கு வேண்டியது நம்முடைய 'அக்கா தம்பி சண்டை' உருப்படி. நீ தகடு வைத்த ஷூக்காலால் பலகையில் தட்டி ஒன்று கேட்பாய், நான் டிரம்மில் வாயாடுவேன், நீ இன்னும் கோபமாகக் கேட்பாய். சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களே, அது. எனக்குக் கோரஸில் நின்று பாட வராது. குச்சியைக் கீழே வைத்தால் நான் இஸ்திரிப் பெட்டியோடுதான் சாக வேண்டும். ஒரு வாரம் வந்து ஆடிவிட்டுப் போ. மறுபடி உன் முகத்தில் விழிக்க மாட்டேன், சத்தியம்.

வருவாயா, மாட்டாயா, ஒரு வரி போதும்.

ஆர்டீலியா

*

லாஸ் ஏஞ்சல்ஸ்
1937 ஏப்ரல் 19

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே குளிர் என்பதே இல்லை, நீ அங்கே இருமிக்கொண்டிருப்பாய் என்று நினைக்கிறேன். மிளகு போட்ட கோழி சூப் குடி.

வர முடியாது. ஏன் என்றால் கேள். டெரன்ஸ் ஹாலோவேயின் பெயர் உனக்குத் தெரியும், பிலடெல்பியாவில் சுவர் சுவராக அவன் படம்தான் ஒட்டியிருப்பார்கள். அவனுக்கு ஆடச் சொல்லிக் கொடுப்பது நான். அது மட்டுமில்லை. படத்தில் காலின் சத்தம் எப்படி வருகிறது தெரியுமா? பாட்டை முதலிலேயே பதிவு செய்துவிடுவார்கள். அதைப் போட்டுவிட்டு அவன் ஆடும்போது படம் மட்டும்தான் பிடிப்பார்கள், அவன் காலோசையை எவனும் எடுப்பதில்லை. பிறகு ஓர் அறையில் படத்தை ஓட்டுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே, அவன் கால் விழும் இடத்திலெல்லாம் யாராவது தட்டித் தர வேண்டும். அந்த யாராவது நான். முகம் அவனுடையது, கால் என்னுடையது. ஆகஸ்டில் படம் வருகிறது, காதைத் தீட்டி வைத்துக்கொள்.

இப்படிப்பட்ட இடத்தை விட்டுவிட்டு பிங்கெட்டின் எலி ஓடும் மேடைக்கு ஒரு வாரம் வா என்கிறாய். எனக்கு அவ்வளவு சின்ன வேலைகளுக்கு நேரமில்லை.

கோரஸில் பாடினால் என்ன? அம்மா பாடவில்லையா? ஆடுகிறவன் இல்லாத டிரம் வெறும் பீப்பாய் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

கிளியோஃபஸ் காஸ்கின்ஸ்

*

பிலடெல்பியா
1937 ஏப்ரல் 26

திருவாளர் கிளியோஃபஸ் காஸ்கின்ஸ் அவர்களுக்கு,

முழுப் பெயர் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறாய். அக்காவுக்குத் தம்பியின் முழுப் பெயர் மறந்துபோயிருக்கும் என்று நினைத்தாயோ என்னவோ, நன்றி. நான் இருமவில்லை. நீ தேறியிருக்கிறாய் என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. கொழுப்பு ஏறிப்போயிருக்கிறது.

பீப்பாய் என்று நான் சொன்னது உண்மை. நீ ஸ்கார்லெட் காய்ச்சலில் கிடந்தபோது, உன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே சொன்னேன், சீக்கிரம் எழுந்து வா என்பதற்காக. அதை எடுத்து என் மேலேயே வீசுகிறாய். இப்படி ஒரு நாக்கு உனக்கு எங்கிருந்து வந்தது? நம் வீட்டில் யாருக்கும் கிடையாது, எனக்கு மட்டும்தான் உண்டு.

நெட்டை மேபரி கலிபோர்னியாவிலிருந்து திரும்பியிருக்கிறான். பாஸ்கம் அம்மாவின் விடுதியில் எனக்கு எதிர் அறைதான் அவனுக்கு. காலை உணவுக்கு வந்தவனைப் பிடித்து உன்னைப் பற்றி விசாரித்தேன்.

"கிளியோவா? சென்ட்ரல் அவென்யூ கிளப்புல ஞாயித்துக்கிழமை எல்லா ஆட்டக்காரனும் கூடுவோம். ஒருத்தன் ஸ்டெப்பை ஒருத்தன் சுடுவோம். குளிர்காலத்துலேர்ந்து அவன் தலையே அங்க தெரியலையே" என்றான்.

"பெரிய மனுஷன் ஆயிட்டான்" என்றேன்.

"ஆட்டக்காரன் பெரிய மனுஷன் ஆனா அதைக் காட்டறதுக்கே முதல்ல கிளப்புக்குத்தான் வருவான்" என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்த மீனை எடுத்துத் தின்றான்.

ஆக, நம்மவர்களோடு நின்று ஆடுவதும் உனக்கு இப்போது கேவலம். ஹாலோவேக்கு நீ கால் கொடுத்தாய். அவன் உனக்கு என்ன கொடுத்தான்? அந்தப் படத்தில் உன் பெயர் எந்த மூலையிலாவது வருமா?

பிங்கெட்டிடம் செப்டம்பர் கடைசிவரை அவகாசம் வாங்கியிருக்கிறேன். அவரிடம் வருவாய் என்றுதான் சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்யாக்காதே.

ஆர்டீலியா

*

லாஸ் ஏஞ்சல்ஸ்
1937 ஜூன் 14

அக்காவுக்கு,

நலம். உன் நலத்துக்கு உன் நாக்கே சாட்சி, தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

மேபரி ஊர் வம்பு சுமக்கிற கழுதை. கிளப்பில் போய் என் ஸ்டெப்பையெல்லாம் அவனுக்குத் தானம் பண்ண எனக்கு என்ன கேடு? நேரம் இல்லை, அவ்வளவுதான்.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீயே பார்த்துக்கொள்ள ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். அந்தத் தொப்பி புதுசு.

அக்டோபரைப் பற்றி இனி எழுதாதே. முடியாது என்றால் முடியாது.

கிளியோஃபஸ் காஸ்கின்ஸ்

*

பிலடெல்பியா
1937 ஆகஸ்ட் 16

தம்பிக்கு,

நான் நலமாக இல்லை. ஏன் என்று கடைசிவரை படி.

உன் போட்டோவுக்கு நான் பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, மடியில் போர்வையும் தலையில் தொப்பியுமாக உட்கார்ந்திருந்த அந்த மகாராஜாவுக்கு எழுத என்னிடம் வார்த்தை இல்லை. இப்போது இருக்கிறது.

சனிக்கிழமை ஹாலோவேயின் படம் பார்த்தோம். நானும் மேபரியும் இன்னும் பத்துப் பதினைந்து ஆட்டக்காரர்களும் மேல்மாடியில் உட்கார்ந்திருந்தோம், நம்மைப் போன்ற கறுப்பர்களுக்கு அங்கேதானே இடம். முக்கால் மணி நேரம் ஒருவரை ஒருவர் காதலிக்கிறார்கள். அப்புறம் அவன் கறுப்புப் பளிங்கு மாதிரி மின்னுகிற தரையில் இறங்கி ஆடத் தொடங்கினான். இரண்டாவது தட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நம்முடைய சண்டை! உன் கேள்வி!

உருப்படியை விற்றுவிட்டாய் என்று புரிந்தது. அக்டோபருக்கு ஏன் வரமாட்டாய் என்பதும் புரிந்தது. விற்ற மாட்டை எப்படி மறுபடி சந்தைக்கு ஓட்டி வருவாய்?

அதைக்கூட விழுங்கியிருப்பேன். ஆனால் மேபரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஏய், இவனுக்கு எத்தனை காலுப்பா?"

"நான் எண்ணிட்டேன், நாலு" என்றான் பின்னால் ஒருவன்.

"அங்க பாரு, ஒரு காலைத் தூக்கி நாற்காலி மேல வச்சிருக்கான். சத்தம் மூணு காலுக்கு ஓடுது!"

"குதிரைப்பா இவன். வால் தெரியுதான்னு பாரு!"

மாடியே சிரித்தது. டார்ச் விளக்கோடு ஒருத்தன் ஓடிவந்து அதட்டினான். கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு எதுவும் விளங்கவில்லை. உன் ஸ்டுடியோக்காரர்களுக்கும் விளங்கியிருக்காது, தட்டு நிறைய இருந்தால் அவர்களுக்குச் சந்தோஷம். நான் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கால் உன்னுடையது. மற்ற இரண்டும் என் கை. நான் டிரம்மில் சொல்லும் பதில்கள் அத்தனையையும் ஷூவின் தகட்டில் யாரோ ஒருத்தி தட்டியிருக்கிறாள், அக்காவின் பாகத்துக்கு ஒரு பொம்பளைதானே வேண்டும். முதல் பதிலில் நான் அரை மூச்சு காக்க வைத்து அடிப்பேனே, அதைக்கூட விடவில்லை.

யார் அவள்? என் பதில்களை ஒவ்வொன்றாக நீ உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாயா? "இந்த இடத்தில் என் அக்கா இப்படி முறைப்பாள்" என்று விளக்கினாயா? அவள் சிரித்தாளா?

உருப்படியில் பாதி உன்னுடையது, அதை நாய்க்குப் போடு. மறுபாதியை எடுத்து இன்னொருத்தி கையில் கொடுக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? பிட்ஸ்பர்கை மன்னித்தாலும் மன்னிப்பேன். இதை மன்னிக்க மாட்டேன்.

அவள் பெயரை எழுது.

ஆர்டீலியா

*

லாஸ் ஏஞ்சல்ஸ்
1937 ஆகஸ்ட் 30

ஆர்டீலியாவுக்கு,

நலம். அங்கும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன்.

அவள் என்று யாரும் இல்லை. நான் எதையும் விற்கவில்லை. நீ நம்பினாலும் ஒன்றுதான், நம்பாவிட்டாலும் ஒன்றுதான்.

பிங்கெட்டிடம் நான் செத்துவிட்டேன் என்று சொல்லிவிடு. எனக்கு இனிமேல் கடிதம் போடாதே.

கி. கா.

*

பிலடெல்பியா
1937 செப்டம்பர் 7

கிளியோ,

நீ போடாதே என்றதால் போடுகிறேன்.

அவள் யார் என்று கண்டுபிடிக்காமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலை முடிந்ததும் போய் அந்தப் படத்தை இன்னும் நாலு தடவை பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன், காது மட்டும் போதும். டிரம் அடிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. கேட்டால் ஆளைச் சொல்லிவிடலாம். மூன்றாம் தடவை தெரிந்துவிட்டது. கேள்வி கேட்கிற ஆளும் பதில் சொல்கிற ஆளும் ஒரே ஆள். முதலில் ஒன்றைத் தட்டிப் பதிவு செய்துவிட்டு, அதன் மேல் மற்றதைத் தட்டியிருக்கிறாய். என் பதில்களைத் தட்டியதும் நீதான். அவள் இல்லை என்று நீ எழுதியது உண்மை.

சந்தோஷப்பட்டு எழுந்திருக்க வேண்டியதுதானே? எழுந்திருக்க முடியவில்லை. ஏதோ ஒன்று சரியாக இல்லை. இரண்டாம் சுற்றில் நீ எம்பிக் குதித்து இறங்குவாய். நீ இறங்கினால் பலகை முனகும், என் பெரிய டிரம் தானாகவே ஒரு தரம் அதிரும். நாலு வருஷம் உன் பின்னால் உட்கார்ந்து அடித்தவளுக்கு அது தெரியாதா? படத்தில் அந்த இடத்தில் தகடு இரண்டும் ஒரே சமயத்தில் சுத்தமாக விழுகிறது. பலகை முனகவில்லை. சத்தம் இருக்கிறது, எடை இல்லை.

வீட்டுக்கு வந்து தகடு வைத்த என்னுடைய பழைய டாப் ஷூவைத் தேடி எடுத்தேன். இரண்டு கையையும் அதற்குள் விட்டு, சாப்பாட்டு மேசை மேல் அந்த இடத்தைத் தட்டிப் பார்த்தேன்.

"அடியே, சாப்பிடற மேசைல செருப்பைப் போட்டு அடிக்கிறியே, புத்தி கெட்டுப்போச்சா?" என்று பாஸ்கம் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

அதே சத்தம்தான், கிளியோ. படத்தில் கேட்ட அதே சத்தம், காலால் இல்லை, கையால்.

எப்போதிலிருந்து உன்னால் நிற்க முடியவில்லை?

ஆர்டீலியா

*

பிலடெல்பியா
1937 செப்டம்பர் 20

கிளியோ,

பதில் இல்லை. நலமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது. இரண்டு வாரமாகத் தபால்காரனை முறைத்து முறைத்து அவன் இப்போது எதிர்ப்பக்க நடைபாதையில் போகிறான்.

அக்டோபர் எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை தொடக்கம். பிங்கெட் விளம்பரம் அச்சடித்துவிட்டார், நம் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. வந்து ஆட வேண்டாம். நாற்காலியில் உட்கார், உன் முன்னால் ஒரு மேசை போடுகிறேன். அந்த அறையில் தட்டியதை இங்கே வெளிச்சத்தில் தட்டு. கேள்வியை நீ கேள், பதிலை நானே சொல்லிக்கொள்கிறேன்.

வராவிட்டால் பிங்கெட் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு என்னைக் கோரஸில் நிறுத்துவார். இதுவும் உனக்குத் தெரிந்ததுதான்.

ஆர்டீலியா

*

லாஸ் ஏஞ்சல்ஸ்
1937 செப்டம்பர் 27

ஆர்டீலியாவுக்கு,

கேட்டாய் அல்லவா, வாங்கிக்கொள்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி. ஹாலோவேக்கு எதைச் சொல்லிக் கொடுத்தாலும் "இவ்வளவுதானா?" என்பான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நம் சண்டையை ஆடிக் காட்டினேன். யாரும் கேட்கவில்லை, யாரும் பணம் தரவில்லை, பெருமைக்குக் காட்டினேன். வாயைப் பிளந்தான். மறுபடி என்றான், ஆடினேன். மறுபடி என்றான். அந்தக் கறுப்புத் தரைக்கு தினமும் மெருகெண்ணெய் பூசி மேலே அட்டை போட்டு மூடி வைப்பார்கள். அன்றைக்குப் பூசியது காயவில்லை. இரண்டாம் சுற்றில் குதித்து இறங்கினேன், வலது கால் என்னை விட்டுவிட்டுப் போனது. முழங்கால் மூன்று துண்டு. ஸ்டுடியோ டாக்டர் ஒட்டி வைத்தார். இப்போது கால் நீட்டியபடியே இருக்கிறது, மடங்காது. ஊன்றுகட்டையோடு பத்தடி நடப்பேன்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பிப் போனேன். ஹாலோவே அதை ஆட, படமே பிடித்துவிட்டிருந்தார்கள். அவனைக் கேட்டதற்கு, "நீதானேப்பா காட்டின?" என்றான். ஆமாம், நான்தான் காட்டினேன். காலோசை தட்ட வேறு யாரோ ஒருவனை வைத்திருந்தார்கள். கேட்டேன், சகிக்கவில்லை. ஷூவைக் கையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து நானே தட்டினேன். உன் பதில் இல்லாமல் என் கேள்வி ஓடவில்லை, கை தடுமாறியது. அதனால் அதையும் தட்டினேன். திருடினேன் என்றால் திருடினேன். ஒன்றை மட்டும் அவர்களுக்குக் காட்டவில்லை. கடைசிச் சுற்று. நாம் சண்டையை விட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து ஓடுவோமே, அந்தச் சுற்று படத்தில் கிடையாது. விழாமல் இருந்திருந்தால் அதையும் காட்டியிருப்பேனோ என்னவோ.

இப்போது நன்றாகக் கேட்டுக்கொள். அந்த அறையை இருட்டாக்கிவிட்டுத்தான் படத்தை ஓட்டுவார்கள். அங்கே நான் ஆட்டக்காரன். அடுத்த மூன்று படத்துக்கும் என்னையே கூப்பிட்டிருக்கிறார்கள். உன் மேடையில் நாற்காலியில் உட்கார்ந்தால் நான் நொண்டி. பாவம் என்று சனங்கள் கைதட்டுவார்கள். என்னைக் காட்சிக்கு வைத்து உன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறாய். உனக்குத் தேவைப்படாவிட்டால் என்னை நினைத்திருப்பாயா? இரண்டு வருஷம் நினைத்தாயா?

வரமாட்டேன்.

கிளியோஃபஸ் காஸ்கின்ஸ்

*

பிலடெல்பியா
1937 அக்டோபர் 9

கிளியோ,

நலமா? இதை இப்போது நிஜமாகவே கேட்கிறேன். மடங்காத கால் எப்படி இருக்கிறது? குளிருக்கு வலிக்கிறதா?

நேற்று பகல் காட்சி முடிந்தது. திரை தூக்கும்வரை பிங்கெட்டிடம் பொய் சொன்னேன். பக்கவாட்டில் நின்றுகொண்டு அவர், "எங்கடி உன் தம்பி?" என்கிறார். "வந்துட்டே இருக்கான்" என்கிறேன். மேடை நடுவே ஆடும் பலகையைப் போட்டேன். டிரம்மில் போய் உட்கார்ந்தேன். திரை மேலே போனது.

முதல் காட்சிக்கு ஆட்டக்காரர்கள் கூட்டமாக வருவார்கள், உனக்குத் தெரியும். புது ஸ்டெப் என்ன வந்திருக்கிறது, எதைச் சுடலாம் என்று முன் மூன்று வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள். பலகையில் ஆள் இல்லை. உன் கேள்வி வரவேண்டிய இடத்தை மனசுக்குள் எண்ணிக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு என் பதிலை அடித்தேன். மறுபடி சும்மா இருந்தேன். யாரோ இருமினான். "கிறுக்கு புடிச்சிருச்சா இவளுக்கு?" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைக் கேட்டது மேடைவரை கேட்டது. கை வேர்த்து குச்சி வழுக்கியது. நான் செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது வெற்றிடத்தில் ஒரு கால் கேட்டது. மேபரி! உட்கார்ந்த இடத்திலிருந்தே உன் கேள்வியைத் தட்டினான். நான் பதில் சொன்னேன். அடுத்ததை அவனோடு இன்னும் நாலு பேர் தட்டினார்கள், அதற்கடுத்து மூன்று வரிசையும். படத்தைப் பார்த்து எல்லாரும் ஏற்கெனவே சுட்டு வைத்திருக்கிறார்கள், திருட்டுப் பசங்கள். அப்படியே தட்டினால் அசிங்கம் என்று ஒவ்வொருவனும் ஒரு மாற்றம் செய்திருக்கிறான். ஒரே நேரத்தில் இருபது தம்பிகள் வம்புக்கு வந்தால் நான் என்ன செய்வேன்? இருபது பேருக்கும் கொடுத்தேன். கூட்டம் சிரித்த சிரிப்பில் கூரைத் தூசி கொட்டியது.

அப்போது மேபரி எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான். "இது யாரோடதுன்னு தெரியுமா? படத்துல அந்த வெள்ளைக்காரன் காலுக்கடியில கேட்டீங்களே, அது கிளியோ காஸ்கின்ஸோடது! இந்தா உக்காந்திருக்கே, இந்தப் பொம்பளையோட தம்பி!" என்று கத்தினான். கைதட்டல் நிற்கவே இல்லை. பாவம் என்று யாரும் தட்டவில்லை. உன் கால் எப்படி இருக்கிறது என்று அங்கே ஒருவனுக்கும் தெரியாது.

பிறகு கடைசிச் சுற்று வந்தது. ஒரு காலும் வரவில்லை. ஒருவனுக்கும் தெரியாதே. என் பாதியை மட்டும் அடித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் நீ ஓட வேண்டிய இடம் அப்படியே பொத்தலாகக் கிடந்தது. சனங்களும் வாயை மூடிக்கொண்டு அந்தப் பொத்தலையே கேட்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுதுகொண்டே அடித்து முடித்தேன், போதுமா?

பிங்கெட் சுருட்டோடு உள்ளே வந்தார். "திங்கட்கிழமைலேர்ந்து பேண்டுல உக்காரு" என்றார். "நவம்பர்ல இதையே ஒரு வாரம் போடலாம்" என்றும் சொன்னார்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நிரந்தரமாக. இனி உன்னை வைத்து நான் காப்பாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்றுமில்லை. தேவைப்பட்டால்தான் நினைப்பேன் என்று எழுதினாயே, இப்போது தேவையில்லை.

தேவையில்லாமல் கேட்கிறேன். வா.

ஆர்டீலியா

*

லாஸ் ஏஞ்சல்ஸ்
1937 அக்டோபர் 18

அக்கா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மடித்து வைப்பேன், மறுபடி பிரிப்பேன். குளிருக்கு வலிக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. உன் கை நலமா? இருபது பேருக்குப் பதில் அடித்தவளுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கும். உப்பு வெந்நீரில் வை.

மேபரி என் கேள்வியைத் தட்டினானாம், நீ அதற்குப் பதில் வேறு சொன்னாயாம். அவன் தட்டினால் எருமை படியிறங்குகிற மாதிரி இருக்கும். வெட்கமாக இல்லை உனக்கு? கடைசிச் சுற்றை ஆள் இல்லாமல் அடித்துக் கெடுத்தது அதைவிட மோசம். அதில் என் பாதியைத் தாளில் எழுதி அனுப்பலாம் என்று இரண்டு நாள் முயன்று பார்த்தேன். எழுத வரவில்லை.

அடுத்த படத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். முப்பதாம் தேதி சனிக்கிழமை பகல் இரண்டே கால் மணிக்கு ரயில் அங்கே வருகிறது. மேசை உயரமாக வேண்டும், நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கக்கூடாது, முழங்கை இடிக்கும். போர்வை கீர்வை என்று எதையும் மேலே போடாதே. கால் நீட்டிக்கொண்டு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஸ்டேஷனுக்கு வா. ஆனால் ரயில் நின்றதும் ஓடி வராதே. தூணுக்குப் பின்னால் எங்காவது திரும்பி நில். படியில் இறங்க எனக்கு நேரமாகும், அதை நீ பார்க்க வேண்டாம். நான் இறங்கி நேராக நின்றபின் கட்டையால் தரையில் தட்டுவேன். அப்போது திரும்பி, வைதுகொண்டே வா.

உன் தம்பி
கிளியோ